கருப்பு ஏறும் மத்தியானம்

முதலில் நன்றாகக் கழுவ வேண்டும் என்று, வெளுத்த பிளாஸ்டிக்கைக் கருப்பாக்கும் மருந்து பாட்டிலின் பின்பக்கம் போட்டிருக்கிறதாம், என் மனைவி வாணி வாசித்துச் சொன்னாள், எனக்கு அந்தப் பொடி எழுத்து கண்ணில் ஏறவில்லை. கழுவியாகிவிட்டது. பழைய பல் பிரஷ்ஷை வைத்து பம்பரின் சொரசொரப்புக்குள் புகுந்து புகுந்து தேய்த்ததில், எப்போதோ பெயிண்டுக்குப் போட்ட மெழுகு வழிந்து ஒட்டிப் பூஞ்சை பிடித்தாற்போல வெள்ளையாக நின்றதே, அதுகூடப் போய்விட்டது. இனி காய வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் மருந்து பிடிக்காது. காய்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு ஆகாத வேலை, சும்மா உட்கார்ந்தால் மனசு தானாக கியர் நழுவின வண்டி மாதிரி எங்கேயாவது உருள ஆரம்பித்துவிடும். தகர ஷெட்டுக்குக் கீழே பிக்கப் நிற்கிறது. வெள்ளை வண்டி. வெள்ளை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, கருப்பாக இருந்ததெல்லாம்தான் சாம்பலாகிவிட்டது. முன் பம்பர், சக்கரத்துக்கு மேலே வளைந்து வரும் பட்டை, கண்ணாடிக் கூடு, வைப்பருக்கு அடியில் சல்லடை மாதிரி இருக்கும் ஜாலி, கதவோரத்துப் பட்டை. வலது பக்கம் ரொம்ப மோசம். காய்கறி மண்டியில் எப்போதும் ஒரே இடத்தில் ஒரே வாக்கில் நிறுத்துவேன், மத்தியான வெயில் முழுக்க டிரைவர் பக்கத்தில்தான் விழும், என் வலது கைகூட அப்படித்தான், முழங்கைக்குக் கீழே வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கும். உள்ளே வாணி தூங்குகிறாள். மத்தியானம் தூங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, இன்றைக்கு வேண்டுமென்றே தூங்குகிறாள். சாயந்தரம் அவள் வண்டியை எடுக்கிறாள். கல்லாறு தாண்டி மலை ஏற்றி, குன்னூரில் அவள் அக்கா வீட்டில் ராத்திரி தங்கி, விடியலில் கேரட் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். மேட்டுப்பாளையத்துக்குள்ளேயும் காரமடை ரோட்டிலும் ஓட்டிப் பழகிவிட்டாள். மலைக்கு இதுதான் முதல் தடவை. நானும் கூடப் போகிறேன். இடது பக்கத்தில் உட்கார்ந்து. அப்படித்தான் பேச்சு.

காய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன், விரலை வைத்துப் பார்த்தால் மாவு மாதிரி ஏதோ ஒட்டுகிறது, அது அழுக்கில்லை, பிளாஸ்டிக்கே பொடியாகி வருகிறது. பெயிண்டில் படாமல் இருக்க ஓரம் முழுக்க டேப் ஒட்டினேன். டேப் ஒட்டும்போது கை நடுங்கவில்லை, அதைக் கவனித்துக்கொண்டேன், இப்போதெல்லாம் கையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன், கடை வாசலில் சில்லறை வாங்கும்போது, டம்ளர் பிடிக்கும்போது, யாரோ என்னிடம் கொடுத்து வைத்த கை மாதிரி. பஞ்சுக் கட்டையில் நாலு சொட்டு மருந்து விட்டு பம்பரின் மூலையில் இழுத்தேன். அட. இழுத்த இடம் அப்படியே கருப்பாகிவிட்டது. புதுக் கருப்பு. ஷோரூமில் பூவைச் சுற்றி எலுமிச்சம்பழம் வைத்து வெளியே எடுத்தபோது இருந்த கருப்பு. இதற்கு முன்னால் எத்தனையோ செய்து பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், அன்றைக்குப் பளபளவென்று இருந்தது, மறுநாள் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொண்டது. ஷூ பாலிஷ் போட்டேன், பர்லியாறில் மழை பிடித்தது, கருப்புத் தண்ணீர் கதவு வழியே கோடு கோடாக இறங்கி, வண்டி மை கரைய அழுத பொம்பளை மாதிரி மண்டிக்குள் போய் நின்றது, கூட மூட்டை தூக்குகிற பொன்னுரங்கன் சிரிப்பை நிறுத்தவே இல்லை. தீயைக் காட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வரும் என்று ஒருத்தன் சொன்னான், காட்டினேன், வந்தது, கொஞ்சம் அதிகம் காட்டினேன், உருகிவிட்டது, அந்த உருகல் இடது சக்கரப் பட்டையில் இன்னும் தழும்பாக இருக்கிறது. உள்ளேயிருந்து மேலே வரும் என்றால் அந்தக் கருப்பு போகவே இல்லை என்றுதானே அர்த்தம். அங்கேயேதான் இருக்கிறது. மேலே ஒரு தூள் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். நான்தான் வெயில் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தகரத்தின் மேலே காக்கை நடக்கிறது, டிக் டிக் என்று, நிற்கிறது, மறுபடி நடக்கிறது.

நான் எங்கே போனேன் அன்றைக்கு. இந்தக் கேள்வி வந்தால் பிறகு போகாது, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி நாக்கு அதையே போய்ப் போய்த் தொடும். முட்டைக்கோஸ் லோடு. மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பொன்னுரங்கன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், என்னைவிடப் பெரியவர், இருபது வருஷமாக என்னோடு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வளைவில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கினேன், பஸ்ஸின் கண்டக்டர் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன், அது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் என் முகத்துக்கு நேராக ஒரு தேயிலைச் செடி, அதில் ஒரு எறும்பு, நிறையக் கால்கள், யாரோ மலையாளத்தில் பேசுகிறார்கள், வாயில் ரத்தம் உப்பாக இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. தூக்கமென்றால் தூங்கினோம் என்று தெரியும், இது அப்படியில்லை, படத்தை வெட்டி ஒட்டினது மாதிரி, கையைத் தூக்கினேன், எறும்பு. நடுவில் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான். பொன்னுரங்கன் சொன்னார், நான் ஒரு சத்தம் போட்டேனாம், மனுஷச் சத்தமாகவே இல்லையாம், அவர் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் இழுத்தாராம், வண்டி மண் கரையில் உரசிக்கொண்டே போய் நின்றதாம், பின்கதவு தெறித்து முட்டைக்கோஸெல்லாம் ரோட்டில் உருண்டனவாம், வரிசையாக, ஒன்றின் பின்னால் ஒன்று, அடுத்த வளைவு வரைக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கேரளா வண்டிக்காரர் இறங்கி ஓடி வந்து, வலிப்பு வந்தவன் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று, அவசரத்துக்கு வேறெதுவும் கிடைக்காமல், என் வண்டியின் சாவியையே பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தாராம். எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லிவிட்டார்கள். இப்போது எனக்கே ஞாபகம் இருப்பது போல இருக்கிறது. முட்டைக்கோஸ்கள் பச்சையாக, மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கிப் போகின்றன, நான் மேலே எங்கேயோ நின்று பார்க்கிறேன். நான் பார்க்கவே இல்லை. அந்த நேரம் நான் எங்கேயும் நிற்கவே இல்லை. இருந்தாலும் தெரிகிறது.

பம்பர் முடிந்தது. கொஞ்ச நேரம் ஊற விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், விட்டால் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். ஒற்றினேன். கோயமுத்தூரில் அந்த டாக்டரம்மா ரொம்பச் சின்னப் பெண், என்னை அண்ணா என்று கூப்பிட்டார், மண்டைக்குள் படம் பிடித்ததை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார், எனக்கு வெட்டின காலிஃபிளவர் மாதிரித் தெரிந்தது. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, வண்டி ஓட்டவே கூடாது, என்றார். மூன்றையும் ஒரே குரலில் சொன்னார், மூன்றும் ஒரே எடை என்பது போல. லோடு வண்டிக்காரனுக்குத் தூக்கம் கெடக்கூடாதாம். நான் சிரித்தேன். வாணி சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும், சாவியக் குடுங்க மாமா என்றாள். கொடுத்தேன். அதைத் தன் பர்ஸுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள், அந்த ஜிப் சத்தம். வண்டியை விற்றுவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மில்லில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். முதல் நாள் வந்து, கிளட்ச்சுன்னா என்னன்னு அவங்க சொல்றதே புரீல, நீங்க சொல்லுங்க என்று தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு தட்டங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டியும் விலக்கியும் காட்டினேன். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான். நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் முழுக்க அடி வாங்கினேன்.

வலது பக்கச் சக்கரப் பட்டையில் கை வைத்தபோது மொபெட் ஒன்று தெருவில் போய்விட்டுத் திரும்பி வந்தது. தங்கமுத்து. பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர், ஊரில் எந்த வண்டி எந்த ஷெட்டில் நிற்கிறது என்று அவருக்கு மூக்கிலேயே தெரியும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இறங்காமலே பேசினார்.

"என்னப்பா சென்னியப்பா, பளபளன்னு பண்ணீட்டிருக்கறே? குடுக்கறதுன்னு முடிவு பண்ணீட்டயா?"

"இல்லீங்ணா."

"பாலிசு போட்டாலே விக்கறதுக்குத்தான்னு ஆவும். எங்கிட்ட மறைக்காதே."

"சும்மாதானுங்ணா. வாணி ஓட்டப்போறா. சாயந்தரம் குன்னூருக்கு."

அவர் மொபெட்டை அணைத்தார். அணைத்த பிறகு தெரு ரொம்ப அமைதியாகிவிட்டது. "மலைக்கா?"

"ஆமாங்."

"காரமடை சந்தைக்குப் போறதும் மலைக்குப் போறதும் ஒண்ணாப்பா? லோடோட எறங்கோணும். பிரேக் சூடானா என்ன பண்றதுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? எனக்குத் தெரிஞ்ச டிரைவரு ஒருத்தரு சும்மாதான் இருக்கறாரு, வேணும்னா சொல்றேன். இல்லீனா வண்டியவே குடுத்துரு. நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பாத்துக்கலாங்ணா."

"நீ பக்கத்துல உக்காந்து போறயாக்கும்?"

"ஆமாங்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

போன பிறகு நான் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், ஏற்கனவே கருத்த இடத்தை. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே எங்கேயோ, ரொம்பக் கீழே, ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. அவளுக்கு முடியாது என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னதில் சந்தோஷம். நாலாவது வளைவில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தால், அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, மாமா நீங்களே எடுங்க என்றால். நான் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி நடந்து வலது கதவைத் திறப்பேன், அந்தக் கைப்பிடி, அந்த ஸீட்டின் பள்ளம், என் உடம்புக்கு ஏற்ற பள்ளம். இதை எத்தனை தடவை பார்த்துவிட்டேன். முட்டைக்கோஸ் மாதிரியே இதுவும் நடக்காமலே நன்றாகத் தெரிகிறது. அவளுடைய கணவன் நான். அவள் மில்லில் நின்று நின்று கால் வீங்கி வந்து, அந்தக் காலோடு கிளட்ச் மிதித்துப் பழகினவள். அவள் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இல்லை, ஆசைப்படவில்லை, அந்தப் படம் தானாக வருகிறது, தானாக வருவதற்கு நான் என்ன செய்ய முடியும். தானாக வருவது இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைக்க வேண்டாம். துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பினேன்.

நினைக்க வேண்டாம் என்றால் மூக்கு நினைக்கிறது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சொய்யென்று ஒரு வாசனை வருமே, அதுதான் முதலில் வரும். பக்கத்தில் அடுப்பு இருக்காது, கல் இருக்காது, வாசனை மட்டும் வரும். பெரிய வலிப்பு அன்றைக்கு வந்ததோடு சரி, மாத்திரை ஆரம்பித்த பிறகு திரும்ப வரவில்லை. ஆனால் சின்னது வருகிறது. கீழே விழுவதில்லை, இழுப்பதில்லை, வாசனை வரும், வயிறு ராட்டினத்தில் இறங்குவது போல மேலே எழும்பும், பிறகு கொஞ்ச நேரம் கழித்து நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன், ஆனால் டீ ஆறியிருக்கும். அவ்வளவுதான். யாரும் கவனித்ததில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார், இப்பல்லாம் ஒண்ணும் வர்றதில்லையேண்ணா, என்று. இல்லீங்க என்பேன். இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அவர், சரி அண்ணா, இனி நீங்க ஓட்டலாம், என்று சொல்லிவிட மாட்டாரா. இந்த பாட்டில் மருந்து வேறு மண்ணெண்ணெய் மாதிரி வாசனை அடிக்கிறது, காலையிலிருந்து எதை முகர்ந்தாலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது, இது பாட்டிலா, இது நானா. இடது பக்க ஸீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வந்தால். வளைவில். அவள் ஏதாவது கேட்கிறாள், நான் பதில் சொல்லவில்லை, அவள் திரும்பிப் பார்க்கிறாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறாள். ஒரு நிமிஷம் போதும். அரை நிமிஷம் போதும். நான் விழுந்தால் பரவாயில்லை, அவள் திரும்பிப் பார்ப்பதுதான். அந்தத் திரும்பல். இந்த ஒரு வாரமாக நான் தூங்கும்போதெல்லாம் அவள் கழுத்து மெதுவாக இடது பக்கம் திரும்புகிறது, மூக்குத்தி வெளிச்சத்தில் மினுங்குகிறது, அதற்குப் பின்னால் ரோடு இல்லை.

போகாமல் இருந்துவிடலாம். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம். பொன்னுரங்கனை அனுப்பலாம். அவருக்கு வளைவு தெரியும், ஆனால் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று தெரியாது, அவர் வெற்றிலை மடித்துக்கொண்டு வருவார். நான் போகாவிட்டால் அவள் தனியாகப் போவாள். போகக்கூடியவள்தான். இடது பக்கத்துக்கு வந்துவிட்டேன், உருகின தழும்பைத் தாண்டி, கண்ணாடிக் கூட்டுக்கு. இதில் சின்னச் சின்னப் புள்ளியாகப் பள்ளம் நிறைய இருக்கிறது, மருந்து உள்ளே தேங்கும், பார்த்துச் செய்ய வேண்டும். கூட்டுக்குள்ளே கண்ணாடியில் என் மோவாய் தெரிகிறது. தகரத்தில் காக்கை நடக்கிறது. டிக் டிக். நிற்கிறது. இப்போது பக்கத்து வீட்டுக் குழாயில் வாளி வைக்கும் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன், கேட்டது. இப்போது ஒரு குழந்தை சிரிக்கும். சிரித்தது. இதெல்லாம் முன்னாலேயே நடந்திருக்கிறது, இதே துணி, இதே கண்ணாடி, இந்த வெயில் இதே கோணத்தில் என் கால் கட்டைவிரலில், நான் இதை முழுக்க அறிவேன், அடுத்தது என்ன என்றுகூட நாக்கு நுனியில் இருக்கிறது, ரொம்ப இனிப்பாக இருக்கிறது, ஊரெல்லாம் என் சொந்த வீடு மாதிரி, யாரோ ரொம்ப நாளாக எனக்காகக் காத்திருந்து இதோ கதவைத் திறக்கப் போகிறார்கள் என்பது மாதிரி, பாட்டில், இது பாட்டில் வாசனைதான், பாட்டிலை எடுத்து முகர்ந்து பார், பாட்டில் மண்ணெண்ணெய் வாசனை, இது இல்லை, இது தண்ணீர் தெளித்த கல், வயிறு எழும்புகிறது, ராட்டினம், வாணி என்று கூப்பிட வேண்டும், வா என்பதற்கு வாயை எப்படித் திறப்பது, திறக்கிறேன், வெளிச்சம் எல்லாம் ஓரத்துக்குப் போகிறது, பச்சை பச்சையாக ஏதோ உருண்டு, அவசரமில்லாமல்

சேலை முந்தானை. ஊதாப் பூப் போட்டது. என் கைக்குள் இருக்கிறது. கசங்கியிருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், முதுகு வண்டியின் சக்கரத்தில் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் வாணி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், தூக்கத்தில் கலைந்த தலையோடு. அவள் கையில் நான் துடைத்துக்கொண்டிருந்த துணி.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் தோளில் கை வைத்தாள். "கொஞ்ச நேரம் இருங்க. ஒண்ணும் அவசரமில்ல."

"தலை சுத்துச்சு. வெயிலுக்கு."

"செரி."

"மருந்து வாசன வேற."

"செரிங் மாமா." அவள் உட்கார்ந்தபடியே மேலே கண்ணாடிக் கூட்டைக் காட்டினாள். அது முழுசாக, சீராகக் கருத்திருந்தது. "நீங்க சொட்டு சொட்டா உட்டு வெச்சிருந்தீங்க. காஞ்சு திட்டாயிருமேன்னு நாந்தான் தொடச்சேன். நல்லா இருக்குதா?"

நான் அதைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. என்னைவிட நன்றாகச் செய்திருந்தாள். அப்போது புரிந்தது, ஒரு கூட்டைத் துடைத்து முடிக்கிற அளவு நேரம் அவள் இங்கே இருந்திருக்கிறாள், பதறாமல், கத்தாமல். புதிதாக ஒன்றைப் பார்த்தவள் அப்படி இருக்க மாட்டாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"தீபாவளிக்கு முன்னாலருந்து. பூ கட்டறேன், நீங்க எதுத்தாப்பல உக்காந்துட்டு என்னையே பாக்கறீங்க. பேசறேன், பேச்சில்ல. அப்பறம் ரெண்டு மூணு தடவ பாத்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்த மாத்திர பெருசாச்சே, ஏன்னு நெனச்சீங்க?"

கம்பெனி மாறிவிட்டது என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, அதை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேர் முதுகுக்குப் பின்னாலும் கருப்புப் பட்டை நீளமாக ஓடியது. யாரிடமும் கேட்காததை, டாக்டரம்மாவிடம்கூடக் கேட்காததை, அவளிடம் கேட்டேன்.

"அந்த நேரத்துல நான் என்ன பண்றேன்?"

"ஒண்ணும் பண்றதில்ல. வாய சப்புக் கொட்டுவீங்க. சட்டப் பொத்தானத் தடவீட்டே இருப்பீங்க. கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க, ஆனா நான் ஆருன்னு தெரியாது."

"பயமா இருக்காதா?"

"மொதல்ல இருந்துச்சு." அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இன்னும் விடவில்லை. "அப்பறம் பக்கத்துல வந்து உக்காந்துக்குவேன். உக்காந்தா முந்தானையப் புடிச்சுக்குவீங்க. ஆருன்னு தெரியாமத்தான் புடிச்சுக்கறீங்க. ஒரு தடவகூடப் புடிக்காம இருந்ததில்ல."

எங்கேயும் இல்லை என்றுதானே இத்தனை நாள் நினைத்தேன். வெட்டி ஒட்டின இடத்தில் வெறும் இருட்டு, அந்த இருட்டில் நான் இல்லை, அதனால்தான் பயம், உயிரோடு இருக்கும்போதே இல்லாமல் போய்விடுகிறோமே என்று. இல்லாமல் போகவில்லையாம். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறானாம், பொத்தானைத் தடவிக்கொண்டு. பேர் ஊர் தெரியாத ஆள். அவனுக்கு இவளைத் தெரியாது, ஆனால் பிடித்துக்கொள்கிறான். அவன் என்னைவிடத் தேவலை. நான்தான் இவள் நாலாவது வளைவில் நிற்க வேண்டும் என்று.

"நான் வரல வாணி," என்றேன். "வளைவுல வந்துச்சுன்னா நீ திரும்பிப் பாப்பே."

"பாக்க மாட்டேன்."

"பாப்பே. மனசு கேக்காது."

"மாமா, இங்க பாருங்க." குரல் மாறியது. மில்லில் ஆட்களை வேலை வாங்கி லைன் பார்க்கிறவளின் குரல் அது, நான் வீட்டில் அதிகம் கேட்டதில்லை. "நான் ரோட்டத்தான் பாப்பேன். நீங்க சத்தம் போட்டாலும் ரோட்டத்தான் பாப்பேன். ஓரமா எடம் பாத்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கல்லு வெச்சதுக்கு அப்பறந்தான் உங்களப் பாப்பேன். நெஞ்சக் கல்லாக்கீட்டு அதத்தான் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டிருக்கறேன் இந்த ஒரு வாரமா. அந்தப் பக்கத்து பெல்ட்டு அறுந்து கெடந்துதே, முந்தாநேத்து எதுக்கு மாத்தினேன்? நீங்க சாஞ்சா பெல்ட்டு புடிக்கும். நான் வண்டியப் புடிப்பேன். செரியா?"

ஒரு வாரமாக. அதே ஒரு வாரம். ஒரே பாயில் படுத்துக்கொண்டு நான் அவள் கழுத்து திரும்புவதையும், அவள் தன் கழுத்தைத் திரும்பாமல் பிடித்துக்கொள்வதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ரோட்டத்தான் பாப்பியா?"

"சத்தியமா."

"தங்கமுத்தண்ணன் வந்துட்டுப் போனாரு. வேற டிரைவரு சொல்றேன்னாரு."

"கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன். நீங்க பாத்துக்கலாம்னீங்க." அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "எனக்கும் பயந்தான் மாமா. கை சில்லுன்னு இருக்குது, தொட்டுப் பாருங்க. நீங்க பக்கத்துல உக்காந்து வளைவு வளைவா சொன்னீங்கன்னா போயிருவேன். ஒருவேள நடுவுல நீங்க பேசலீன்னா, அந்த வளைவ நானே போய்க்கறேன்."

கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்தே முடித்தோம். அவள் வைப்பர் ஜாலியில், நான் பின்பக்கப் பட்டையில். டேப்பை உரித்தபோது வெள்ளையும் கருப்பும் கோடு பிரித்தாற்போல நின்றன. இன்றைக்குத் தண்ணீர் படக்கூடாது என்று பாட்டிலில் போட்டிருக்கிறதாம், மலையில் மழை வந்தால் என்ன செய்வது என்றாள், வந்தால் வரட்டும் என்றேன். டீ குடித்தோம். மாத்திரை போட்டேன், அந்தப் பெரிய மாத்திரை. அவள் சுடிதாருக்கு மாறி, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, வலது கதவைத் திறந்து ஏறினாள். ஸீட்டை முன்னால் இழுத்தாள். அது கிரீச்சென்று முன்னால் போனது, இத்தனை வருஷத்தில் நகராத ஸீட்டு. நான் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினேன். ஏறுகிறவிதமே எனக்குத் தெரியவில்லை, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தடுமாறினேன், தலை இடித்தது. பெல்ட்டை மாட்டினேன். புது பெல்ட், விறைப்பாக, துணிக்கடை வாசனையோடு.

கல்லாறு பாலம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. முதல் வளைவுக்கு முன்னால், ரெண்டாவது கியரு, என்றேன். போட்டுட்டேன், என்றாள். போட்டிருந்தாள். வளைவில் அகலமாக எடுத்தாள், மேலேயிருந்து வந்த பஸ்ஸுக்கு நின்று வழி விட்டாள், மறுபடி கிளப்பும்போது வண்டி ஒரு விரற்கடை பின்னால் போய், பிடித்து, ஏறியது. அவள் பல்லைக் கடித்திருப்பது கன்னத்தில் தெரிந்தது. நான் அவள் காலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், என் கால் கீழே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. இரண்டாவது வளைவு. மூன்றாவது. நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் கியரைக் குறைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது வளைவும் வந்தது. வண்டி நிற்கவில்லை. நான் நினைத்த படம் வந்து, ஒரு ஓரமாக நின்று, எங்களைப் போக விட்டது. அன்றைக்கு நடந்த இடம் இன்னும் ரொம்ப மேலே இருக்கிறது. அது வரும்போது வரட்டும். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லாததால் தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எத்தனை ஆயிரம் தடவை இந்த ரோட்டில் போயிருக்கிறேன், இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தார், வெள்ளைக் கோடு, எதிரே வருகிற வண்டியின் முகம். கீழே பாக்கு மரங்கள் உச்சி உச்சியாக நின்றன, நான் அவற்றை மேலேயிருந்து பார்த்தேன். நடுவே ஒரு ஓடை, வெயில் பட்டு, இல்லாமல் போய், மறுபடி பட்டு. ஓடைக்கரையில் ஓட்டு வீடு ஒன்று, தன்னந்தனியாக, அதற்குப் போக வழியே தெரியவில்லை.

"வாணி, கீழ ஒரு வீடு இருக்குது," என்றேன் என்னை அறியாமல்.

"நான் பாக்க முடியாதுங்," என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. "எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க."

"ஓட்டு வீடு. நீலக் கதவு."

"ஆரு இருக்கறாங்க?"

"ஒரு பொம்பள. பாறை மேல துணி காயப்போட்டுட்டு இருக்குது. பக்கத்துல ஒரு வெள்ளாடு. இரு, மரம் மறைக்குது."

"செரி, மரம் போனதும் சொல்லுங்க," என்றாள் வாணி, அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே. மரம் போனது. நான் சொல்ல ஆரம்பித்தேன்.